பதினாறு மைக்கா, ஒற்றைக் குரலா?

வீட்டில் ஒலிப்பதிவு செய்ய முனையும் ஒருவர் மைக், ஹெட்போன், மடிக்கணினி ஆகியவற்றைத் தேர்ந்தெடுப்பதில் பெரிதாகத் தடுமாறுவதில்லை. மைக்குக்கும் கணினிக்கும் இடையில் எதை வைப்பது என்ற இடத்தில்தான் நின்றுவிடுகிறார். மைக் தரும் மின்னழுத்தம் மிகவும் மெலிந்தது என்பதால் அதைப் பல மடங்கு பெருக்கிய பின்பே எண்களாக மாற்ற இயலும். அந்தப் பெருக்கும் வேலையைச் செய்யும் மின்சுற்றுக்கு ப்ரீஆம்ப், அதாவது முன்பெருக்கி, என்று பெயர். இத்தகைய ப்ரீஆம்புகள் எட்டோ பதினாறோ ஒரே பெட்டிக்குள் அடங்கி, ஒலிகளைக் கலக்கும் சிறு கணினியும் அவற்றோடு சேர்ந்தே வந்தால் அது டிஜிட்டல் மிக்ஸர். ஒன்று அல்லது இரண்டு ப்ரீஆம்புகள் மட்டும் தனிப்பெட்டியாக வந்து, அவற்றின் வெளியீட்டை ஆடியோ இன்டர்ஃபேஸ் எனப்படும் வேறொரு கருவி எண்களாக மாற்றிக் கணினிக்குத் தருமானால் அது தனி ப்ரீஆம்ப் வழி. இவ்விரண்டில் எதைக் கொள்வது என்பது பெரும்பாலும் ஒலித்தரம் பற்றிய கேள்வியாகவே பேசப்பட்டு வருகிறது. ஒரே நேரத்தில் எத்தனை பேர் வாசிக்கப் போகிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொண்டால், தடுமாற்றத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

தமிழ்நாட்டில் வீட்டு ஒலிப்பதிவின் வரலாற்றை எழுதப் புகுபவர், சென்னைக் கோடம்பாக்கத்தில் ஏ. ஆர். ரகுமான் தம் வீட்டை ஒட்டி 1989இல் அமைத்த பஞ்சதன் ரெக்கார்ட் இன் ஒலிக்கூடத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். அக்காலத்தில் திரைப்பாடல் என்பது ஏவி.எம்., பிரசாத் போன்ற பெரிய நிறுவனங்களின் ஒலிக்கூடங்களில் வாத்தியக் கலைஞர்களை ஒருங்கே அமர்த்திப் பதிவு செய்வதாகவே பெரும்பாலும் இருந்தது. பஞ்சதனில் முதலில் விளம்பரங்களுக்கான இசையும், பின்னர் 1992இல் வெளிவந்த ‘ரோஜா’ படத்தின் இசையும் உருவாயின. அந்தப் படத்துக்காக அவருக்குச் சிறந்த இசையமைப்பாளருக்கான தேசிய விருது கிடைத்தது. கூடத்தைக் கட்டி முடித்தபோது உள்ளே வைக்கக் கருவி வாங்கப் பணம் இருக்கவில்லை என்றும், குளிர்சாதனமும் அலமாரியும் தரைவிரிப்பும் மட்டுமே இருந்த அறையில் வெறுமனே அமர்ந்திருந்ததாகவும், தாயாரின் நகைகளைக் கொண்டு திரட்டிய பணத்தில்தான் முதல் ரெக்கார்டர் வந்தது என்றும் ரகுமான் பேட்டியில் கூறியிருக்கிறார்.

இந்த வரிசையை ஊன்றிக் கவனிக்க வேண்டும். முதலில் அறை, பிறகு பதிவுக் கருவி, அதன் பிறகே மற்றவை என்று வறுமை வகுத்த அந்த வரிசைதான், ஒலியியல் நோக்கில் பார்த்தாலும் சரியான வரிசை. அத்துடன், கீபோர்டும் சீக்வென்சரும் கொண்டு ஒருவரே ஒரு தடத்தின் மேல் இன்னொரு தடமாக அடுக்கிச் செல்லும் முறைக்கு ஒரே சமயத்தில் பல மைக்குகள் தேவைப்படுவதில்லை. பாடகர் வந்து பாடும்போது ஒரு மைக், புல்லாங்குழல் வாசிக்கும்போது அதே மைக் என்று வேலை நடந்துவிடும். பல கலைஞர்களை ஒன்றாக அமர்த்தும் வசதியுள்ள, ரகுமானின் ஏ.எம். ஸ்டுடியோஸ் 2005இல்தான் வந்தது. அடுக்கிப் பதிவு செய்வது, சேர்ந்து பதிவு செய்வது என்னும் இந்த இரண்டு முறைகளில் தம்முடையது எது என்று தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போகிறவர் எதை வாங்கினாலும் தவறாகவே முடியும்.

மணிமங்கலத்தில் ஓர் அறை

இந்தக் கேள்வியை ஓர் ஊரின் சூழலில் வைத்துப் பார்க்கலாம். தாம்பரத்துக்கு மேற்கே, காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள மணிமங்கலத்தை வரலாறு படித்தவர்கள் பல்லவர் போர்க்களமாக அறிவார்கள். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை வென்ற களங்களுள் ஒன்றாகக் கூரம் செப்பேடு இவ்வூரைக் குறிப்பிடுகிறது. இன்று இவ்வூர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் இருக்கிறது. பெரிய ஏரியும் பழைய கோயில்களும் ஒரு பக்கம், கார், செல்பேசி, மின்னணு உதிரிப் பாகம் செய்யும் ஆலைகளுக்குப் போய்வரும் பேருந்துகளும் கன்டெய்னர் லாரிகளும் மறுபக்கம் என்று அமைந்த இத்தகைய ஊரில், கோயில் நாகஸ்வரமும் தேவாலயப் பாடற்குழுவும் பறையும் கானாவும் யூடியூப் பாடலும் ஆகிய எல்லாமே பதிவு செய்யத் தக்கவை. அவற்றைப் பதிவு செய்ய முனைபவருக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் பத்தடிக்குப் பத்தடி கான்கிரீட் அறை ஒன்றுதான். தரையில் டைல்ஸ், மேலே மின்விசிறி, சன்னலுக்கு வெளியே சாலை. ஷிப்டு முறையில் வேலை பார்ப்பவராக இருந்தால் பதிவுக்குக் கிடைக்கும் நேரமும் அவர் விருப்பப்படி அமையாது. தாம்பரம் விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானங்களும் தம் பங்குக்கு ஒலி சேர்க்கும்.

இந்த அறைக்குள் வைத்துத்தான் டிஜிட்டல் மிக்ஸரையும் தனி ப்ரீஆம்பையும் ஒப்பிட வேண்டும். மேலைநாட்டு ஒலிக்கூடங்களின் அனுபவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு விலையுயர்ந்த ப்ரீஆம்ப் இல்லாமல் நல்ல பதிவே கிடையாது என்று சொல்லப்படும் அறிவுரை, நூறு சதுர அடி கான்கிரீட் அறையில் எவ்வளவு செல்லும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

மில்லிவோல்ட்டிலிருந்து வோல்ட் வரை

மேடைப் பாடகர்கள் கையில் உலகெங்கும் காணப்படும் ஷூர் எஸ்.எம். 58 மைக் 1966இல் சந்தைக்கு வந்தது. அதன் முன் 94 டெசிபெல் அளவுள்ள ஒலி, அதாவது அருகில் நின்று ஓங்கிப் பாடும் குரலளவு, எழும்போது அது தருவது ஏறத்தாழ 1.85 மில்லிவோல்ட். ஒலிக்கூடக் கருவிகள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் வழக்கமான அளவு 1.23 வோல்ட். ஆகவே ப்ரீஆம்ப் அந்தச் சிக்னலை 660 மடங்குக்கு மேல் பெருக்க வேண்டும்; டெசிபெல் கணக்கில் இது 56. இங்கு டெசிபெல் என்பது மடங்குகளைச் சுருக்கிச் சொல்லும் அளவை என்றும், மின்னழுத்தம் பத்து மடங்காகும் ஒவ்வொரு முறையும் 20 டெசிபெல் கூடும் என்றும் நினைவில் கொண்டால் போதும். 48 வோல்ட் மின்சாரம் ஏற்றுத் தனக்குள்ளேயே ஒரு சிறு பெருக்கியைக் கொண்டிருக்கும் கண்டன்சர் வகை மைக் ஒன்று, எடுத்துக்காட்டாக ரோடு என்.டி. 1-ஏ, அதே ஒலிக்கு 25 மில்லிவோல்ட் தரும். அதற்கு ஏறத்தாழ 34 டெசிபெல் பெருக்கமே போதும். பெருக்கத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குத்தான் கெயின் என்று பெயர்.

கெயினைக் கூட்டும்போது இரைச்சலும் கூடும் என்பதே மலிவான ப்ரீஆம்புகள் மீது வைக்கப்படும் முதற்குற்றம். இதை ஆராய இயற்பியலின் ஒரு முடிவு உதவும். எந்த மின்தடையும் வெப்பத்தால் தானாகவே ஒரு மெல்லிய இரைச்சலை எழுப்பிக்கொண்டிருக்கும் என்பதை ஜான்சன், நைக்விஸ்ட் என்னும் இருவரும் 1928இல் வெளியிட்ட ஆய்வுகளில் நிறுவினர். 150 ஓம் தடையுள்ள மைக் ஒன்று சாதாரண வெப்பநிலையில், காது கேட்கும் அலைவரிசைக்குள், எழுப்பும் இரைச்சல் -131 டிபியு அளவில் இருக்கும். டிபியு என்பது 0.775 வோல்ட்டை அடிப்படையாகக் கொண்ட டெசிபெல் அளவு. எவ்வளவு பணம் கொடுத்தாலும் இந்த வரம்புக்குக் கீழே எந்த ப்ரீஆம்பும் இறங்க முடியாது. இன்று நடுத்தர விலையில் கிடைக்கும் டிஜிட்டல் மிக்ஸர்களிலும் இன்டர்ஃபேஸ்களிலும் உள்ள நல்ல ப்ரீஆம்புகளின் இரைச்சல் -128 டிபியு அளவில் இருக்கிறது. ஆக, வாங்குபவர் எத்தனை மடங்கு விலை கொடுத்தாலும் இரைச்சலில் மிச்சப்படுத்தக்கூடியது மூன்று டெசிபெல்தான்.

அந்த மூன்று டெசிபெல்லாவது காதில் விழுமா என்பதை அறையின் பக்கமிருந்து பார்க்கலாம். -128 டிபியு என்பது ஒரு மைக்ரோவோல்ட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. எஸ்.எம். 58 மைக்கின் வாயிலில் அந்த அளவு மின்னழுத்தத்தை எழுப்ப 18 டெசிபெல் ஒலி போதும். என்.டி. 1-ஏ மைக்காக இருந்தால் மனிதச் செவியின் கேட்புவரம்பான பூச்சியம் டெசிபெல்லுக்கும் குறைவான ஒலியே போதும். சாலையோர வீட்டறை ஒன்று நள்ளிரவிலும் 30 டெசிபெல்லுக்குக் கீழே எளிதில் இறங்குவதில்லை. மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டாலே 40ஐத் தொடும். அறையின் ஓசையும் ப்ரீஆம்பின் ஓசையும் ஒரே கெயினால் ஒன்றாகவே பெருக்கப்படுவதால், மைக் முன் வாசிப்பது உரத்த நாகஸ்வரமாயினும் மெல்லிய வீணையாயினும் இந்த இடைவெளி மாறாது. மணிமங்கலத்து அறையில் எழும் இரைச்சலுக்குக் காரணம் அறைதான். ப்ரீஆம்பை மாற்றுவதால் அது குறையாது. விசிறியை நிறுத்துவது எந்த ப்ரீஆம்பும் தராத ஆதாயத்தைச் செலவே இல்லாமல் தருகிறது.

தனி ப்ரீஆம்பின் உண்மையான மதிப்பு

இவ்வளவு சொன்னதால் தனி ப்ரீஆம்புகள் வீண் என்று கொள்ளக் கூடாது. ரூபர்ட் நீவ் 1970இல் வடிவமைத்த 1073 என்னும் ப்ரீஆம்ப் அரை நூற்றாண்டு கடந்தும் உற்பத்தி செய்யப்படுகிறது; பழைய அலகுகளை ஒலிக்கூடங்கள் இன்னும் தேடி வாங்குகின்றன. அதன் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர்கள், சிக்னல் ஓங்கும்போது அதன் வடிவத்தைச் சற்றே மாற்றி, மூல ஒலியில் இல்லாத மெல்லிய இசைமங்களை, அதாவது ஹார்மோனிக்குகளை, சேர்க்கின்றன. அளவுகோலில் பார்த்தால் இது பிழைதான் என்றாலும், குரலுக்கு ஒரு செறிவைத் தருவதாகக் காது அதை ஏற்றுக்கொள்கிறது. இதே நீவ்தான் 1985இல் ஃபோக்கஸ்ரைட் நிறுவனத்தையும் தொடங்கினார். இன்று வீட்டு ஒலிப்பதிவில் மிகுதியாகப் புழங்கும் ஸ்கார்லெட் என்னும் இரண்டு மைக் இன்டர்ஃபேஸ் அந்நிறுவனத்தின் பெயரில் 2011இல் வந்தது, நீவ் அதிலிருந்து விலகி நெடுங்காலம் ஆன பிறகு.

செறிவைவிடத் தனி ப்ரீஆம்புக்கு இருக்கும் பெரிய சிறப்பு அதன் ஆயுள். கணினியோடு அதற்கு எந்த உறவும் இல்லை. உள்ளே மைக், வெளியே வோல்ட், அவ்வளவுதான். டிஜிட்டல் மிக்ஸரின் நிலை வேறு. 2009இல் வெளிவந்த ப்ரீசோனஸ் ஸ்டுடியோலைவ் மிக்ஸர் அந்நாளில் சிறிய குழுக்களுக்குப் பெரிய வரமாக இருந்தது. ஆனால் அது கணினியோடு பேசியது ஃபயர்வயர் என்னும் இணைப்பின் வழியாக. இன்று கடையில் விற்கும் மடிக்கணினிகளில் அந்தத் துளையே கிடையாது. மிக்ஸரின் ப்ரீஆம்புகள் பழுதில்லாமல் இருந்தாலும், கணினிக்கான ஒலிப்பதிவுக் கருவி என்ற நிலையிலிருந்து அது இறங்கிவிட்டது. யூ.எஸ்.பி. இணைப்பு அவ்வளவு விரைவில் மறையாது என்று எதிர்பார்க்கலாம். ஆயினும் டிஜிட்டல் மிக்ஸரை இயக்கும் செயலி அலைபேசியின் புதிய பதிப்புகளோடு ஒத்துழைக்குமா என்பது தயாரிப்பாளரின் தயவைப் பொறுத்தது. சேமிப்பைக் கரைத்து வாங்கும் ஒருவர் இதை மனத்தில் வைத்துக்கொண்டே விலை பேச வேண்டும்.

தனி ப்ரீஆம்ப் வாங்குபவர் பெரும்பாலும் கவனிக்கத் தவறும் ஒரு நுணுக்கமும் உண்டு. அதன் வெளியீட்டை இன்டர்ஃபேஸின் மைக் துளையில் செருகினால், ஏற்கெனவே பெருக்கப்பட்ட சிக்னல் மறுபடியும் இன்டர்ஃபேஸின் சொந்த ப்ரீஆம்ப் வழியாகப் போகிறது. வாங்கிய ப்ரீஆம்பின் குணம் அதில் பாதி மறைந்துவிடும். பெருக்காமல் அப்படியே ஏற்கும் லைன் துளை தனியாக உள்ள இன்டர்ஃபேஸ் இருந்தால்தான் இந்தச் செலவுக்குப் பொருள் உண்டு. எட்டு மைக் துளைகளை ஒரே ஒளியிழைக் கேபிளில் இணைக்கும் ஏடாட் என்னும் வழி இதற்கு இன்னொரு தீர்வு. 48 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் எட்டுத் தடங்களும், 96இல் நான்கு தடங்களும் அதில் செல்லும். இப்படி இரண்டு டிஜிட்டல் கருவிகளை இணைக்கும்போது ஒன்றின் கடிகாரத்தை மற்றொன்று பின்பற்றுமாறு அமைக்கத் தவறினால், பதிவு நெடுகிலும் ‘டிக், டிக்’ என்ற ஓசை விட்டுவிட்டு விழும்.

மிக்ஸர் எப்போது வெல்கிறது

கர்நாடக இசைக் குழு ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். பாடகருக்கு ஒரு மைக், வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்தின் வலந்தலைக்கும் தொப்பிக்கும் தனித்தனியாக இரண்டு, கடத்துக்கு ஒன்று, தம்புராவுக்கு ஒன்று என்று எண்ணினாலே ஆறு. அறையின் பொது ஒலியைப் பிடிக்க இரண்டு சேர்த்தால் எட்டு. இவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, தனி ஆவர்த்தனத்தில் கண்ணாலேயே பேசி வாசிப்பவர்கள். ஒவ்வொருவராக அழைத்து அடுக்கிப் பதிவு செய்தால் அந்த இசையின் உயிர் போய்விடும். எட்டுத் தனி ப்ரீஆம்புகளை வாங்குவது வீட்டுக்காரருக்கு நடவாத காரியம். 1073 வகையில் அசலான ஒற்றை அலகின் விலைக்கே, பதினாறு ப்ரீஆம்புகள் கொண்ட பெரிஞ்சர் எக்ஸ்.ஆர். 18 போன்ற டிஜிட்டல் மிக்ஸரை வாங்கி மிச்சமும் பார்க்கலாம்.

பெரிஞ்சரின் தாய் நிறுவனம் மேடை ஒலியில் பெயர்பெற்ற மைடாஸ் நிறுவனத்தை 2009இல் வாங்கியது. அதன் பின் 2012இல் வந்த எக்ஸ் 32 மிக்ஸரில் மைடாஸ் வடிவமைப்பைத் தழுவிய ப்ரீஆம்புகள் இடம்பெற்றன. பெரிய அரங்குகளுக்கு மட்டுமே உரியதாக இருந்த டிஜிட்டல் மிக்ஸர், யமஹா 1994இல் வெளியிட்ட ப்ரோமிக்ஸ் 01 முதலாகப் படிப்படியாக விலை இறங்கி, இந்தக் கட்டத்தில்தான் பள்ளிவாசல், தேவாலயம், கல்யாண மண்டபம் என்று எல்லா இடங்களுக்கும் எட்டியது. எக்ஸ்.ஆர். 18 ஒரே யூ.எஸ்.பி. கேபிளில் பதினெட்டுத் தடங்களைத் தனித்தனியாகக் கணினிக்கு அனுப்பும். ஜூம் லைவ்ட்ராக் எல்-12 கணினியே இல்லாமல் எஸ்.டி. அட்டையில் தடங்களைத் தனித்தனியாகப் பதிவதோடு, ஐந்து பேருக்கு ஐந்து வேறு கலவைகளை ஹெட்போனில் கொடுக்கவும் வல்லது.

ஹெட்போன் கலவை என்பது சிறிய விஷயமாகத் தோன்றினாலும் வீட்டுப் பதிவில் பாடகரின் மனநிலையைத் தீர்மானிப்பது அதுதான். கணினி வழியாகச் சென்று திரும்பும் குரல் சற்றுத் தாமதித்தே ஹெட்போனுக்கு வரும். இந்தத் தாமதத்துக்கு லேட்டன்சி என்று பெயர். ஒலி காற்றில் ஒரு மில்லிநொடியில் 34 சென்டிமீட்டர் செல்கிறது. ஆகவே பத்து மில்லிநொடித் தாமதம் என்பது தம் குரலைப் பதினோரு அடி தள்ளி நின்று கேட்பதற்குச் சமம். கமகங்களைத் துல்லியமாகப் பிடிக்க முயல்பவருக்கு அது பெரிய இடையூறு. டிஜிட்டல் மிக்ஸர் கலவையைத் தனக்குள்ளேயே செய்து ஒரு மில்லிநொடிக்குள் திருப்பித் தருவதால் இந்தத் தொல்லை எழுவதில்லை. இன்டர்ஃபேஸ்களிலும் கணினியைத் தொடாமல் நேரே கேட்கும் வசதி உண்டு என்றாலும், சிறியவற்றில் அது ஒரே ஒரு கலவைக்கு மட்டும் உரியது.

கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் ஒலி அமைத்து, அதே நிகழ்ச்சியைப் பதிவும் செய்து கொடுப்பவர்களுக்கு வேறு வழியைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. நாகஸ்வரமும் தவிலும் எழுப்பும் ஒலி குரலைவிடப் பன்மடங்கு உரத்தது. ஒலியழுத்தம் பத்து மடங்கானால் எஸ்.எம். 58 தரும் மின்னழுத்தமும் பத்து மடங்காகி 18.5 மில்லிவோல்ட் ஆகிவிடும் என்பதால், அங்கே கெயினைக் குறைப்பதுதான் வேலை. தவில்காரர் ஒத்திகையில் அடிப்பது ஒரு அளவு, மங்கள வாத்தியம் உச்சத்துக்குப் போகும்போது அடிப்பது வேறு அளவு என்பதை அனுபவமுள்ளவர்கள் அறிவார்கள். 24 பிட் பதிவின் கோட்பாட்டு வீச்சு 144 டெசிபெல் என்பதால் உச்ச அளவுக்குப் பன்னிரண்டு டெசிபெல்லோ இன்னும் கூடுதலாகவோ இடம்விட்டுப் பதிவு செய்வதால் இழப்பு எதுவும் இல்லை. ஆனால் ப்ரீஆம்பிலேயே வெட்டுப்பட்டுவிட்ட ஒலியை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

மிக்ஸர் வாங்குபவர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. யூ.எஸ்.பி. துளை இருக்கும் எல்லா மிக்ஸர்களும் தடங்களைத் தனித்தனியாக அனுப்புவதில்லை. பல மலிவான மிக்ஸர்கள், அனலாக்காயினும் டிஜிட்டலாயினும், எல்லாவற்றையும் கலந்து இடம், வலம் என்ற இரண்டு தடங்களாக மட்டுமே கணினிக்குத் தருகின்றன. சிலவற்றில் யூ.எஸ்.பி. துளை பென்டிரைவில் பாட்டுப் போடுவதற்கு மட்டுமே உரியது. அப்படிப் பதிவான பிறகு மிருதங்கம் மிகுந்துவிட்டது என்று தெரிந்தால் அதைக் குறைக்க வழியே இல்லை. அத்துடன், தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைக் கூட்டிக் குறைத்துத் தடத்தைச் சமன்செய்வதற்கு முன் எடுப்பதா, பின் எடுப்பதா என்பதையும் அமைப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். கச்சேரி நடக்கும் அரங்குக்காகச் செய்த அந்த மாற்றம் பதிவிலும் ஏறிவிட்டால், வீட்டுக்கு வந்து கேட்கும்போது குரல் மெலிந்து கிடக்கும். வட்டில் இடமும் வேண்டும்: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒரு தடம் நிமிடத்துக்கு 8.6 மெகாபைட் பிடிக்கும். பதினாறு தடங்கள் ஒரு மணி நேரம் ஓடினால் எட்டு கிகாபைட்டுக்கு மேல் ஆகும். பல டிஜிட்டல் மிக்ஸர்கள் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போவதில்லை என்பதைக் குறையாகக் கருத வேண்டாம். திரைப்படத்துக்கும் காணொளிக்கும் அதுவே நடைமுறை அளவு.

மைக்குகள் ஒன்றுக்கொன்று அருகில் இருக்கும்போது ஒருவர் வாசிப்பது மற்றவர் மைக்கிலும் கசியும். இதற்கு மிக்ஸரும் மருந்தல்ல, தனி ப்ரீஆம்பும் மருந்தல்ல. மைக்குக்கும் வாத்தியத்துக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்காவது அடுத்த மைக் தள்ளி இருக்க வேண்டும் என்ற பழைய விதியே இன்றும் கைகொடுக்கிறது. மைக்கை ஒரு சாண் நகர்த்துவதால் மிருதங்கத்தின் நாதத்தில் ஏற்படும் மாற்றம், ப்ரீஆம்பை மாற்றுவதால் ஏற்படுவதைவிட மிகப் பெரிது என்பதை ஒருமுறை செய்து பார்த்தால் காதே சொல்லிவிடும்.

பணம் போக வேண்டிய இடம்

நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி என்ற கனசதுர அறை ஒலிக்கு மிகவும் பகையானது. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி நின்று அதிரும் அலைவரிசை, ஒலியின் வேகத்தைச் சுவர்களின் இடைத்தூரத்தின் இரு மடங்கால் வகுக்கக் கிடைக்கும்; பத்தடிக்கு அது 56 ஹெர்ட்ஸ். மூன்று பக்கமும் ஒரே அளவானால் மூன்றும் அதே இடத்தில் குவிந்து, தொப்பியின் கும்மென்ற ஓசை ஒரு மூலையில் வீங்கியும் அறை நடுவில் மறைந்தும் கேட்கும். இதோடு எதிரொலியும் சேரும். இயற்பியலாளர் சபைன் வகுத்த சூத்திரத்தின்படி கணக்கிட்டால், வெறும் சிமெண்ட் சுவரும் டைல்ஸ் தரையும் கொண்ட இந்த அறையில் ஒலி அடங்க இரண்டு நொடிக்கு மேல் ஆகும். நூறு சதுர அடி அளவுக்கு இலவம்பஞ்சு மெத்தைகளையோ தடித்த போர்வைகளையோ சுவரிலிருந்து சற்று இடைவெளி விட்டுத் தொங்கவிட்டால் அது ஒரு நொடிக்கும் கீழே இறங்கிவிடும். ஆனாலும் போர்வைகள் உயர்ந்த ஒலிகளை மட்டுமே விழுங்குகின்றன என்பதால் 56 ஹெர்ட்ஸ் வீக்கம் அப்படியே நிற்கும்; மூலைகளில் தடித்த பஞ்சு மூட்டைகளை அடுக்குவது அதற்கு ஓரளவு உதவும். புத்தகங்களும் துணி அலமாரியும் உள்ள அறை, காலியான அறையைவிட எப்போதும் மேலானது.

அடுத்தது மின்சாரம். வீட்டு மின்னிணைப்பில் எர்த் சரியில்லையென்றால் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் எல்லாத் தடங்களிலும் ஏறும். இன்வெர்ட்டரில் ஓடும்போது அது இன்னும் மோசமாகும். மூன்று முனை எக்ஸ்.எல்.ஆர். கேபிளில் ஒரே சிக்னல் நேராகவும் தலைகீழாகவும் இரண்டு கம்பிகளில் செல்வதால், வழியில் இரண்டிலும் ஒரேபோல் ஏறும் ரீங்காரம் ப்ரீஆம்பில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆகவே நல்ல கேபிளில் செலவிடும் பணம் வீணாவதில்லை. சென்னை ரிச்சி தெருவில் முனைகளையும் கம்பியையும் தனித்தனியாக வாங்கித் தாமே பற்றவைத்துக்கொள்பவர்கள் பாதிப் பணத்தை மிச்சப்படுத்தலாம்; சர்க்யூட் போர்டுகளோடு அன்றாடம் பழகும் ஊர்க்காரர்களுக்கு இது கடினமான வேலை இல்லை. 2015 வெள்ளத்தில் அருகிலுள்ள முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை மறவாதவர்கள், கருவிகளைத் தரையில் வைக்காமல் சுவரில் உயர்த்திய பலகையில் வைப்பதும் நல்லது.

இனி முடிவைச் சொல்லிவிடலாம். தனியாகப் பாடி, ஒவ்வொரு வாத்தியமாக அடுக்கிப் பாட்டமைப்பவருக்கு டிஜிட்டல் மிக்ஸர் தேவையில்லை. உள்ளேயே ப்ரீஆம்புகள் கொண்ட இரண்டு மைக் இன்டர்ஃபேஸ் ஒன்றை வாங்கி, மிச்சப் பணத்தை அறைக்கும் மைக்குக்கும் செலவிடுவதே அறிவு. தனி ப்ரீஆம்ப், அறை அடங்கி, மைக் தேர்ந்து, அதன் பிறகும் குரலில் ஏதோ குறைகிறது என்று காது உறுதியாகச் சொன்ன பின் வாங்க வேண்டிய பொருள். அப்போது ஒன்றே ஒன்று, நல்லதாக வாங்கினால் வாழ்நாள் முழுவதும் உழைக்கும். குழுவாகப் பாடுபவர்களும் வாசிப்பவர்களும் திருவிழாவுக்கு ஒலி அமைப்பவர்களும் தயங்காமல் டிஜிட்டல் மிக்ஸர் வாங்கலாம். அவர்கள் தேவைக்கு அதன் ப்ரீஆம்புகள் தாராளமாகப் போதும். அப்படி வாங்கப் போகிறவர்கள் தம் மடிக்கணினியைக் கையோடு கடைக்கு எடுத்துச் சென்று, மிக்ஸரை யூ.எஸ்.பி. கேபிளில் இணைத்து, ஒலிப்பதிவு மென்பொருளில் எத்தனை உள்ளீடுகள் தனித்தனியாகத் தெரிகின்றன என்று கண்ணால் எண்ணிப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும்.